ரசவாதமும் எலெக்ட்ரானும்

(ஒரு கிராமப் பொதுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



பேச்சைத் தொடங்கு முன் ஒரு சிறு காரியம் செய்துவிடுகிறோம். இந்தக் கண்ணாடித் தம்ளரில் நீல நிறமாய் இருப்பது மயில்துத்தம் கரைத்த தண்ணீர். கொடிக்கால்காரர்களும் திராட்சைத் தோட்டக்காரர்களும் சுண்ணாம்போடு கலந்து பயிருக்குத் தெளிக்கிற அதே துத்தந்தான். இது ஒரு இரும்பு ஆணி. உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துத் துரு நீக்கியது. இதைத் தலைவர் அவர்களே தமது கையால் தண்ணீருக்குள் போடட்டும். அது அங்கேயே கிடக்கட்டும். பேச்சு முடிகிறபோது எடுத்துப் பார்ப்போம்.

நிற்க, இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் அணுவுக்குள் எலெக்ட்ரான்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்பது. "இது காலேஜ் பிள்ளைகள் படிக்கிற சங்கதியாயிற்றே, எங்களுக்கு எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். எதற்கு என்றால், இது தெரியாமையால் ஒரு குடும்பம் கெட்டுப்போனதை நாம் நேரில் பார்த்தோம். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நாமும் தலை குனிந்தோம்.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு ஊரில், சாமியார்கள் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்களுடைய ரசவாதப் பித்தலாட்டத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினோம். நல்ல கைதட்டல். கூட்டம் கலைந்த பிறகு ஒரு கைத்தறி நெசவாளித் தோழர் எம்மிடம் வந்தார். அவர் சொன்னது இது:

"ஐயா, எங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்தார். மூசையில் பாதரசம் விட்டார். ஏதோ பச்சிலைச் சாறு பிழிந்தார். கரியடுப்பில் வைத்து ஊதினார். பாதரசம் போய்விட்டது, அடியில் குன்றிமணி அளவு தங்கம் நின்றது. ஆசாரியிடம் கொண்டுபோய் உரைத்துப் பார்த்தேன். மெய்யான தங்கந்தான். அதை நம்பித்தான் என் சம்சாரத்தின் சங்கிலியையும், கடன் வாங்கிய பணத்தையும் அவரிடம் கொடுத்தேன். அவர் ஓடிப்போனார் என்பது சரி. மோசக்காரர் என்பதும் சரி. ஆனால் முதல் நாள் என் கண்ணால் பார்த்த தங்கம் எப்படி வந்தது? அதைச் சொல்லுங்கள்."

நாம் என்ன சொன்னோம்? "எல்லாம் பித்தலாட்டம்" என்றோம். அவர், "அதைத்தான் இரண்டு மணி நேரம் சொன்னீர்களே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தோழர்களே! அன்று இரவு எமக்குத் தூக்கம் வரவில்லை. ஒருவனை மோசக்காரன் என்று வைவது சுலபம். மோசம் நடந்த வழியை எடுத்துக் காட்டாவிட்டால், வைதவனுக்கும் ஏமாந்தவனுக்கும் என்ன வித்தியாசம்? ஒருவன் காரணம் தெரியாமல் நம்பினான். மற்றொருவன் காரணம் தெரியாமல் மறுத்தான். நாம் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். ஆனாலும் பழைய புத்தகக் கடையில் ரசாயனப் பாடப் புத்தகங்களை வாங்கி, தெரியாததைத் தெரிந்த ஆசிரியர்களைக் கேட்டுக் கேட்டுப் படித்தோம். அப்படிப் படித்ததைத்தான் இங்கு சொல்லப் போகிறோம்.

உலகத்திலுள்ள பொருள்களெல்லாம் பஞ்சபூதங்களால் ஆனவை என்று நம் பெரியவர்கள் சொல்லி வந்தார்கள். அக்காலத்துக்கு அது ஒரு யோசனை, அவ்வளவுதான். 1800-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் நிக்கல்ஸன், கார்லைல் என்ற இருவர், அப்பொழுதுதான் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்த மின்சார பாட்டரியின் கம்பிகளைத் தண்ணீரில் வைத்தார்கள். தண்ணீர் இரண்டு வாயுக்களாகப் பிரிந்தது. ஒன்று ஹைட்ரஜன், மற்றொன்று பிராணவாயு. ஆகவே தண்ணீர் மூலப் பொருள் அல்ல, கூட்டுப் பொருள். இப்படி இனிமேல் ரசாயன முறையில் பிரிக்க முடியாது என்று நிற்கிற பொருள்களுக்கு மூலகங்கள் என்று பெயர். இப்போதைய பாடப் புத்தகங்களில் தனிமம் என்கிறார்கள். இன்று வரை தெரிந்தவை 118. இரும்பு ஒன்று, செம்பு ஒன்று, தங்கம் ஒன்று, பாதரசம் ஒன்று, கந்தகம் ஒன்று.

ஒவ்வொரு மூலகமும் தனித்தனி வகை அணுக்களால் ஆனது. அந்த அணுவுக்குள் என்ன இருக்கின்றது? 1897-ல் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்ஸன் என்பவர் எலெக்ட்ரானைக் கண்டுபிடித்தார். பிறகு மான்செஸ்டரில் ரூதர்போர்டு என்பவருடைய ஆராய்ச்சிசாலையில், மிக மெல்லிய தங்கத் தகட்டின்மீது கண்ணுக்குத் தெரியாத துகள்களை மோதவிட்டார்கள். ஏறக்குறைய எல்லாத் துகள்களும் தகடு என்று ஒன்று இல்லாதது போல ஊடுருவிப் போய்விட்டன. மிகச் சில மட்டும் எதிலோ முட்டியவை போலத் திரும்பி வந்தன. இதிலிருந்து அணுவின் நடுவில் மிகச் சிறிய, மிகக் கனமான கரு ஒன்று இருக்கிறதென்று 1911-ல் ரூதர்போர்டு தீர்மானித்தார். அணுவின் குறுக்களவில் பதினாயிரத்தில் ஒரு பங்கு கூட அந்தக் கரு இல்லை. ஆனாலும் அணுவின் எடை முழுவதும், ஏதோ அற்பம் தவிர, அதற்குள்தான் இருக்கின்றது. கருவில் புரோட்டான் என்றும் நியூட்ரான் என்றும் இருவகைத் துகள்கள். சுற்றிலும் எலெக்ட்ரான்கள்.

கருவில் எத்தனை புரோட்டான் இருக்கிறதோ அதைப் பொறுத்ததே மூலகத்தின் ஜாதகம். 26 இருந்தால் இரும்பு. 29 இருந்தால் செம்பு. 79 இருந்தால் தங்கம். 80 இருந்தால் பாதரசம். இந்த எண்ணை எக்ஸ் கதிர்களைக் கொண்டு எண்ணிக் காட்டியவர் மோஸ்லி என்ற இளைஞர். 1913-ல் அதைச் செய்தார்; 1915-ல், 27-வது வயதில், கல்லிப்போலி யுத்தகளத்தில் குண்டுபட்டு இறந்தார். அறிவாளிகளை யுத்தம் என்ன செய்கிறது என்பதற்கு அவர் ஒரு அத்தாட்சி. அது போகட்டும்.

இனி எலெக்ட்ரான்களைப் பார்ப்போம். அவை கருவைச் சுற்றி இஷ்டம்போல் கிடக்கவில்லை. அடுக்கடுக்காக இருக்கின்றன. முதல் அடுக்கில் 2-க்கு மேல் இடமில்லை. இரண்டாவது அடுக்கில் 8. மூன்றாவதில் 18 வரையில் கொள்ளும். ஆனாலும் கடைசி அடுக்காக நிற்கும்போது பெரும்பாலும் எதுவும் 8-க்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. ஒரே நிலையில் இரண்டு எலெக்ட்ரான்கள் இருக்க முடியாது என்ற விதியை 1925-ல் பௌலி என்பவர் கண்டு சொன்னார். அந்த விதியினால்தான் அடுக்குகளுக்குக் கணக்கு ஏற்பட்டது. இந்த அடுக்கைச் சூரியனைச் சுற்றும் கிரகப் பாதை போல எண்ணிவிடக் கூடாது. அப்படித்தான் 1913-ல் போர் என்ற பேராசிரியர் சித்திரம் போட்டார்; பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் அது திருத்தப்பட்டுவிட்டது. எலெக்ட்ரான் இந்த இடத்தில்தான் இருக்கிறதென்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. மேகம் போலப் பரவியிருக்கிறதென்பதே இப்போதைய முடிவு. ஆனால் அடுக்கும் கணக்கும் அப்படியேதான் இருக்கின்றன.

இந்தக் கணக்கினால் ஆகிற காரியம் என்ன? ஒரு உதாரணம் சொல்லுகிறோம். சோடியம் என்று ஒரு உலோகம். கத்தியால் வெட்டலாம், அவ்வளவு மிருது. தண்ணீரில் போட்டால் சீறிக்கொண்டு தீப்பற்றும். ஆகையால் மண்ணெண்ணெய்க்குள் போட்டு வைப்பார்கள். குளோரின் என்று ஒரு வாயு. 1915-ம் வருஷம் ஏப்ரல் 22-ந் தேதி பெல்ஜியத்தில் ஈப்ர என்ற இடத்தில் ஜெர்மானியப் படை இதைத் திறந்துவிட்டுத்தான் எதிரிப் படையை மூச்சுத் திணறடித்தது. ஒன்று நெருப்பு, ஒன்று விஷம். இரண்டும் சேர்ந்தால் என்ன? தாய்மார்களே! நீங்கள் தினந்தோறும் குழம்பில் போடுகிற உப்பு!

இது எப்படி? சோடியத்தில் 11 எலெக்ட்ரான்: 2, 8, 1. குளோரினில் 17 எலெக்ட்ரான்: 2, 8, 7. சோடியத்தின் கடைசி அடுக்கில் ஒன்றே ஒன்று ஒட்டாமல் நிற்கின்றது. குளோரினின் கடைசி அடுக்கில் எட்டுக்கு ஒன்று குறைகின்றது. இது கொடுக்கிறது, அது வாங்கிக்கொள்ளுகிறது. கொடுத்தது நேர்மின்சாரமும் வாங்கியது எதிர்மின்சாரமும் உள்ளவையாகி ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளுகின்றன. அந்தக் கட்டுமானமே உப்புக் கல். சோடியத்தின் கருவில் அதே 11 புரோட்டான். குளோரினின் கருவில் அதே 17. கருவை யாரும் தொடவில்லை. வெளி எலெக்ட்ரான் ஒன்று இடம் மாறியதற்கே நெருப்பும் விஷமும் சாப்பாட்டுப் பொருளாகிவிட்டது.

எல்லாமே இப்படிக் கொடுத்து வாங்குவதில்லை. கூட்டாக வைத்துக்கொள்வதும் உண்டு. தண்ணீரில் ஒரு பிராணவாயு அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் எலெக்ட்ரான்களைப் பொதுவில் வைத்துக்கொண்டு வாழ்கின்றன. இந்தப் பொதுச் சொத்து முறையை 1916-ல் எடுத்துச் சொன்னவர் அமெரிக்காவில் லூயிஸ் என்பவர். எரிதல், துருப்பிடித்தல், புளித்தல், வேகுதல், ஜீரணம் ஆகிய எல்லா ரசாயனக் காரியங்களும் இந்த எலெக்ட்ரான் பட்டுவாடாவே தவிர வேறல்ல.

எலெக்ட்ரான் தெரிவதற்கு முன்பே இந்த ஒழுங்கின் நிழலைப் பார்த்தவர் ஒருவர் உண்டு. 1869-ல் ருஷியாவில் மெண்டலீவ் என்பவர் மூலகங்களை வரிசைப்படுத்தி அட்டவணை போட்டார். குணம் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். சில கட்டங்களைக் காலியாக விட்டு, "இங்கு வரவேண்டிய பொருளின் குணம் இன்னது" என்று எழுதினார். 1875-ல் பிரான்சில் ஒருவர் காலியம் என்ற உலோகத்தைக் கண்டுபிடித்து, அதன் அடர்த்தி 4.7 என்று அளந்தார். மெண்டலீவ், தாம் அந்த உலோகத்தைக் கண்ணால் பார்க்காமலே, "5.9 இருக்கவேண்டும், மறுபடி அளந்து பாருங்கள்" என்றார். சுத்தம் செய்து மறுபடி அளந்தார்கள். 5.9 தான்! ஜோசியம் என்று இதைச் சொல்லுவதற்கில்லை. ஏனென்றால் தப்பாயிருந்தால் தப்பென்று உலகம் அறிய அளந்து காட்டிவிடலாம். நம் ஜோசியர்கள் அப்படி அளக்கக்கூடிய எதையாவது சொல்லுகிறார்களா?

இனி நம் ரசவாதிக்கு வருவோம். செம்பின் எலெக்ட்ரான் அடுக்கு 2, 8, 18, 1. வெள்ளி 2, 8, 18, 18, 1. தங்கம் 2, 8, 18, 32, 18, 1. மூன்றுக்கும் கடைசியில் ஒன்று. ஆகவே மூன்றும் அட்டவணையில் ஒரே பத்தியில் நிற்கின்றன. மூன்றும் அடித்தால் தகடாகும், இழுத்தால் கம்பியாகும், மூன்றையும் உலகெங்கும் காசாக அடித்தார்கள். செம்பும் தங்கமும் உறவு என்று பழைய ரசவாதிகள் நினைத்ததில் அதிசயமில்லை. அவர்கள் எல்லோரும் மோசக்காரர்களும் அல்ல. இங்கிலாந்தின் நியூட்டனே பல வருஷங்கள் இந்த முயற்சியில் செலவிட்டார். ஆனால் உறவு வெளியில்தான். கருவில் செம்புக்கு 29, தங்கத்துக்கு 79. ஐம்பது புரோட்டான்களைக் கருவுக்குள் திணித்தாலொழிய, நியூட்ரான்களும் அதற்குத் தக்கபடி சேர்ந்தாலொழிய, செம்பு தங்கமாகாது. பச்சிலைச் சாறும், திராவகமும், கரி நெருப்பும் வெளி எலெக்ட்ரான்களை மட்டுமே அசைக்கும். கருவை அசைப்பதற்கு வேண்டிய சக்தி அதற்குச் சுமார் பத்து லட்சம் மடங்கு. எந்த மூலிகையில் அது இருக்கின்றது?

ஒரு மாணவத் தோழர் எம்மை மடக்கினார். "தங்கம் 79, பாதரசம் 80, அடுத்த வீடுதானே? ஒன்றே ஒன்றை எடுத்துவிட்டால் போதுமே?" என்றார். நல்ல கேள்வி. அதைச் செய்தும் பார்த்துவிட்டார்கள். 1941-ல் அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் பாதரசத்தை வேகமான நியூட்ரான்களால் தாக்கித் தங்கம் உண்டாக்கினார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவு. அதுவும் கதிர்வீசி, வெகு சீக்கிரத்தில் மறுபடியும் பாதரசமாகவே மாறிவிடுகிற தங்கம். அதற்கு வேண்டியிருந்தது மூசையும் ஊதுகுழலும் அல்ல. அணுவை உடைக்கிற யந்திரம். ஆகவே ரசவாதம் பொய்யென்று நாம் சொல்லுவது தங்கம் ஒருக்காலும் உண்டாகாதென்ற அர்த்தத்தில் அல்ல; அடுப்பில் உண்டாகாது என்ற அர்த்தத்தில்.

அப்படியானால் நெசவாளித் தோழர் பார்த்த தங்கம் எங்கிருந்து வந்தது? பாதரசத்துக்குள்ளிருந்தேதான் வந்தது! உப்பு தண்ணீரில் கரைவது போலத் தங்கம் பாதரசத்தில் கரையும். கொஞ்சம் தங்கத்தை முன்னதாகவே கரைத்து வைத்துக்கொண்டால், பார்வைக்கு அது பாதரசமாகவே இருக்கும். அடுப்பில் வைத்தால் பாதரசம் ஆவியாகிப் போய்விடும், தங்கம் நிற்கும். கோவில் கலசங்களுக்கும் பாத்திரங்களுக்கும் பொன் முலாம் பூசினவர்கள் காலங்காலமாகச் செய்த வேலை இதுதான். குன்றிமணித் தங்கம் தூண்டிலில் மாட்டிய புழு, சங்கிலி மீன். பச்சிலை வெறும் வேஷம். அந்த ஆவியோ கடும் விஷம்; மூளையையும் நரம்பையும் கெடுக்கும். மூடிய அறையில் அதைப் பக்கத்தில் உட்கார்ந்து முகர்ந்த அந்தக் குடும்பத்துக்குப் பொருள் நஷ்டத்தோடு தேக நஷ்டமும் சேர்ந்தது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு நாம் அந்த ஊருக்கு மறுபடியும் போனோம். அவரைத் தேடிப் பிடித்துச் சொன்னோம். அவர் வெகு நேரம் பேசாதிருந்து, "இது அன்றைக்கே தெரிந்திருந்தால், பாதரசத்தை நானே கடையில் வாங்கி வருகிறேன் என்று சொல்லியிருப்பேனே" என்றார். தோழர்களே! இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு பாடமும். மறைப்பில்லாத பரீட்சை வேண்டும் என்று கேட்கத் தெரிந்தவனை எவனும் ஏமாற்ற முடியாது.

"இன்று முடியாதென்கிற விஞ்ஞானிகள் நாளை முடியுமென்று சொல்லுவதில்லையா?" என்று சிலர் கேட்பார்கள். சொல்லுகிறார்கள், ஒப்புக்கொள்ளுகிறோம். ஹீலியம், நியான், ஆர்கான், செனான் முதலிய வாயுக்களுக்குக் கடைசி அடுக்கு நிரம்பியிருப்பதால் அவை எதோடும் சேராது என்று சொல்லிவந்தார்கள். எதோடும் சேராததனால் அவற்றுக்கு இங்கிலீஷில் பிரபுக்கள் என்ற அர்த்தமுள்ள பெயரையும் வைத்தார்கள்! மற்றவர்களோடு சேராமலிருப்பதுதான் உயர்வு என்று எண்ணும் புத்தி நம் நாட்டில் மட்டும் இல்லை போலும். 1962-ல் கனடாவில் வான்கூவர் நகரத்தில் பார்ட்லெட் என்ற ரசாயன ஆசிரியர், மிகவும் வீரியமுள்ள ஒரு பிளாட்டின வாயு பிராணவாயுவினிடமிருந்தே எலெக்ட்ரானைப் பிடுங்குவதைக் கண்டார். செனானிடமிருந்து ஒரு எலெக்ட்ரானைப் பிடுங்குவதற்கும் ஏறக்குறைய அதே சக்தி போதுமென்பது கணக்கில் தெரிந்தது. இரண்டையும் கலந்தார். உடனே மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறப் பொருள் ஒன்று உண்டாயிற்று. பிரபுத்தனம் போயிற்று! பாடப் புத்தகங்களைத் திருத்தினார்கள். ஆனால் அவர் எப்படித் திருத்தினார்? கணக்குப் போட்டு, செய்து காட்டி, செய்த முறையை அச்சிட்டு, எவரும் செய்து பார்க்கும்படி விட்டார். அதே வருஷத்தில் மற்ற ஆராய்ச்சிசாலைக்காரர்களும் செனான் கூட்டுப் பொருள்களை உண்டாக்கினார்கள். ரகசியம் என்றோ, தீட்சை வேண்டுமென்றோ சொல்லவில்லை. அன்றியும் அவர் மாற்றியதும் வெளி எலெக்ட்ரானைத்தான், கருவையல்ல.

இப்பொழுது தலைவர் அவர்கள் ஆணியை எடுத்துக் காட்டட்டும். பாருங்கள்! செக்கச் செவேலென்று செம்பாகிவிட்டது! "இரும்பைச் செம்பாக்கினேன், செம்பைத் தங்கமாக்க எத்தனை நாழி?" என்று நாம் இங்கே கேட்டால் உங்களில் சிலராவது மடியை அவிழ்ப்பீர்களா, மாட்டீர்களா? ஆனால் நடந்தது என்ன? துத்தத்தில் இருப்பது இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த செம்பு. இரும்பு தன்னிடமுள்ள இரண்டைக் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் கரைகின்றது. அதை வாங்கிக்கொண்ட செம்பு உலோகமாகி ஆணியின்மேல் படிகின்றது. கரைகிற இரும்பு 56 பங்கு என்றால் படிகிற செம்பு சுமார் 63½ பங்கு. இரும்பு செம்பாகவில்லை, இரும்பு வெளியேறிற்று, செம்பு வந்து உட்கார்ந்தது. கத்தியால் சுரண்டினால் உள்ளே அதே இரும்பு. இது யாருடைய சக்தியாலும் நடந்ததல்ல. உங்களில் யாரும் வீட்டில் செய்து பார்க்கலாம். துத்தம் விஷமாகையால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். சமையல் பாத்திரத்தைத் தொடவிடாதீர்கள்.

ஆகவே தோழர்களே! நாம் சொன்னதையும் நாம் சொன்னதற்காக நம்ப வேண்டாம். ஆணி இருக்கிறது, துத்தம் இருக்கிறது; செய்து பாருங்கள். தங்கம் என்று எவனாவது கொண்டுவந்தால் அவன் கொண்டுவந்த சரக்கை ஒதுக்கிவிட்டு, உங்கள் சரக்கில், உங்கள் ஆசாரி முன்னிலையில், பட்டப்பகலில், பத்துப் பேர் பார்க்கச் செய்யச் சொல்லுங்கள். மூசையில் போடுவதற்கு முன்பும் பின்பும் எடை போடுங்கள். இவ்வளவுக்கும் சம்மதிக்கிற ரசவாதியை நாம் இதுவரை கண்டதில்லை.

எலெக்ட்ரானைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் அது இருக்கிறதென்று சொன்னவர்கள் ஒவ்வொருவரும், "இன்னது செய், இன்னது தெரியும், தெரியாவிட்டால் நான் சொன்னது பொய்" என்று சொன்னார்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எவரானாலும் அவர்களிடம் இந்த ஒரு வாக்குறுதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதுவே எமது வேண்டுகோள்.

 ஆணியை முன் வரிசையிலிருக்கும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறோம். சுரண்டிப் பார்த்து, பிறகு கையைக் கழுவிக்கொள்ளட்டும்.